ஊர் மாறினால் வழி மறக்கும் பாடங்கள்

மங்கலம்பேட்டையிலும் விருத்தாசலம் சுற்றுவட்டாரத்திலும் வகுப்புக்குப் பவர்பாயிண்ட் (பிபிடி) பாடம் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வீட்டுக் கணினியில் அழகாக ஓடிய பாடம் பள்ளிக் கணினியில் முரண்டு பிடித்தால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘ஸ்கூல் சிஸ்டம் சரியில்லை.’ மெனு ஸ்லைடு வருகிறது, படங்கள் வருகின்றன. ‘வீடியோ பார்க்க’ என்ற பொத்தானைத் தட்டினால் மட்டும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி எழும்புகிறது. அல்லது, தட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் அடுத்த ஸ்லைடு வந்து நிற்கிறது. இதில் பெரும்பாலும் அந்தப் பள்ளிக் கணினி நிரபராதி என்பதுதான் இந்த மடலில் நான் சொல்ல வருவது. பிழை வெளிப்படுவது வகுப்பில். அது உண்டானதோ பாடம் தயாரித்தவரின் மேஜையில், இணைப்பு கொடுத்த அந்த நிமிடத்திலேயே. ஆகவே அதைத் திருத்த வேண்டியதும் அதே மேஜையில்தான், பாடம் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால்.

பொத்தான்கள் அலங்காரம் என்றால் இவ்வளவு கவலை தேவையில்லை. உங்கள் பகுதிக்கே உரிய ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: மண் எப்படிப் பீங்கான் ஆகிறது? நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் களிமண்ணும், விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையும், அங்கே பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சிறிது சோடியம் சிலிகேட் சேர்த்து, கூழாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். சற்று நேரத்தில் அச்சின் சுவரை ஒட்டி மண் கெட்டிப்படுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே பாத்திரத்தின் வடிவம் நிற்கிறது. இங்கே ஒரு கேள்வி: அச்சை ஏன் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்கிறார்கள், இரும்பில் ஏன் செய்வதில்லை? ‘மலிவு’ என்று ஒரு மாணவி பொத்தானைத் தட்டினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சுவதைக் காட்டும் ஸ்லைடுக்கு அவள் போக வேண்டும். பார்த்துவிட்டு அதே கேள்விக்குத் திரும்ப வேண்டும். சரியாகச் சொன்னவள் நேராகச் சூளைக்குப் போகலாம். இந்தப் போக்குவரத்து நடந்தால்தான் அது பாடம். இணைப்புகள் அறுந்துவிட்டால் மிஞ்சுவது படக்காட்சி மட்டுமே. வரிசையாகப் பார்த்தால் போதும் என்றால் கரும்பலகையே போதுமே.

பவர்பாயிண்ட்டுக்கு இந்த வேலை பிறவியிலேயே வந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக அது வந்தபோது, கூட்டத்தின் முன் நின்று ஒருவர் வரிசையாகப் பேசுவதற்கான தாள்களைத் தயாரிப்பதே அதன் நோக்கம். பொத்தான் தட்டி அட்டைக்கு அட்டை தாவும் படைப்புகளுக்கென்றே ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை ஆப்பிள் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. ஹைப்பர்கார்டு பின்னாளில் மறைந்தது. அதன் வேலையைப் பவர்பாயிண்ட் தலையில் நாம்தான் ஏற்றினோம். நன்றாகவே சுமக்கிறது. ஆனால் வரிசையாக ஓடுவதே அதன் பழைய குணம். நாம் கவனிக்காத இடங்களில் அந்தக் குணம் தலைகாட்டும்.

பழுது பார்க்க உட்காருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பொத்தான் எங்கே போகச் சொல்கிறது என்பது. அதே கோப்புக்குள் இருக்கும் இன்னொரு ஸ்லைடுக்கா, வெளியே இருக்கும் வேறொரு கோப்புக்கா? பார்வைக்கு இரண்டு பொத்தான்களும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இரண்டும் வேறு சாதி. ‘பிளேஸ் இன் திஸ் டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்து கொடுத்த இணைப்பு அந்த ஸ்லைடின் அடையாளத்தையே பற்றிக்கொள்கிறது. நடுவில் நான்கு ஸ்லைடுகளைச் செருகினாலும், கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் அது அறுவதில்லை. ‘எக்சிஸ்டிங் ஃபைல்’ வழியாகக் கொடுத்த இணைப்பு அப்படியல்ல. அது ஒரு முகவரி. முகவரியில் இருப்பவர் வீடு மாறினால் கதை முடிந்தது.

நம்ப முடியாவிட்டால் கோப்பையே பிரித்துப் பார்த்துவிடலாம். பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலில் உள்ள பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், ‘ஸ்லைட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் ‘ரெல்ஸ்’ என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எங்கெங்கே உறவு என்பதை எழுதி வைத்திருக்கும் கோப்புகள் அதில்தான் கிடக்கின்றன. நோட்பேடில் திறந்து படியுங்கள். உள் இணைப்புக்கு ‘ஸ்லைடு 7’ என்கிற மாதிரி கோப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு பெயர் மட்டும் இருக்கும். வெளி இணைப்புக்கோ சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டாப், புதிய ஃபோல்டர், வீடியோ என்று வாசல் முதல் அடுப்படி வரை முழு வழியும் பதிவாகியிருக்கலாம். பள்ளிக் கணினியில் உங்கள் பெயரில் ஒரு யூசர் இல்லையென்றால் அந்த வழி எங்கே போய்ச் சேரும்? பென்டிரைவில் வைத்து இணைத்தாலும் இதே வில்லங்கம்தான். உங்கள் கணினி அதற்கு ‘இ’ என்று பெயரிட்டிருக்கும், அங்கே அதுவே ‘ஜி’ ஆகிவிடும். டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் இன்னும் மோசம். கோப்பின் இடம் இணைய முகவரியாகவே பதிவாகி, உங்கள் கணக்குக்குள் நுழைந்தவருக்கு மட்டும் திறக்கும் இணைப்பாக அது மாறிவிடுவதுண்டு.

‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற முதல் ஆட்சேபத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் கணினியில் அது ஓடியே தீரும். ஏனென்றால் பழைய வீடியோ பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. புதிய ஃபோல்டருக்கு நகலெடுத்த பாடத்தை அதே கணினியில் திறந்து பொத்தானைத் தட்டினால், அது புதிய ஃபோல்டரில் உள்ள வீடியோவை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போய் எடுத்து வருகிறது. அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணமாகவில்லை. சோதிக்க இரண்டாவது கணினிகூட வேண்டாம். பாடமும் அதில் இணைத்த கோப்புகளும் முதலில் இருந்த ஃபோல்டர்களின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, நகலைத் திறந்து ஒவ்வொரு பொத்தானாகத் தட்டுங்கள். பள்ளியில் அறுபடும் இணைப்புகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலேயே அறுந்துவிடும். இந்த மடலிலிருந்து ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்பவர் இதை எடுத்துக்கொண்டால் போதும்.

தீர்வு சிக்கலானதல்ல, ஆனால் செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஒரு ஃபோல்டர். அதற்குள் பாடத்தைச் சேமித்துவிட வேண்டும். சேமிக்காத பாடத்தில் இணைப்பு கொடுக்கக் கூடாது, தான் எங்கே இருக்கிறோம் என்றே அதற்கு அப்போது தெரியாது. வீடியோ, ஒலி, இன்னொரு பிபிடி என்று தேவையான அனைத்தையும் அதே ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிட்டு, அதன்பிறகு இணைப்புகளைக் கொடுங்கள். இப்படிச் செய்தால் பவர்பாயிண்ட் முழு வழியையும் எழுதாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறது. மாவட்டம், வட்டம், தெரு என்று எழுதாமல் ‘பக்கத்து வீடு’ என்று எழுதுவது போல. இரண்டு வீட்டாரும் சேர்ந்தே குடிபெயர்ந்தால் பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே இருக்கும். ஏற்கெனவே தப்பாகக் கொடுத்த இணைப்புகளை, கோப்புகளை நகர்த்திய பிறகு அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுப்பதே நல்லது. ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டேன் என்று சிலர் நிம்மதியாகி விடுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஹைப்பர்லிங்க்குகள் வராது. ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

‘அதற்குத்தான் பொட்டலம் கட்டும் வசதி இருக்கிறதே’ என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறது. தொண்ணூறுகளில் ‘பேக் அண்ட் கோ’ என்று இருந்தது, 2003 பதிப்பில் ‘பேக்கேஜ் ஃபார் சிடி’ ஆனது. இன்றும் ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாகப் போனால் கிடைக்கும். சிடியை யாரும் இப்போது எழுதுவதில்லை என்றாலும் ‘காப்பி டு ஃபோல்டர்’ என்பது மிகப் பயனுள்ளது. இணைத்த கோப்புகளையும் சேர்க்கவா என்று அது கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். எழுத்துருக்களையும் சேர்க்கும் தேர்வு அங்கேயே ஆப்ஷன்ஸில் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதெல்லாம் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒரு பிபிடியிலிருந்து இன்னொரு பிபிடி, அதிலிருந்து ஒரு வீடியோ என்று சங்கிலியாகக் கட்டியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பிபிடியையும் ‘ஆட்’ கொடுத்துச் சேர்ப்பதே பாதுகாப்பு. இன்னொரு விஷயம்: பவர்பாயிண்ட் இல்லாத கணினியிலும் பாடத்தைக் காட்டுவதற்கென்று இருந்த பவர்பாயிண்ட் வியூவரை மைக்ரோசாஃப்ட் 2018 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கையேடுகளைப் படித்துவிட்டு அதை நம்பியிருப்பவர்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளலாம்.

பொட்டலம் சரியாக இருந்தும் வழியில் கெடுவதுண்டு. நான் பார்க்கும் அளவில் மிக அதிகமாகக் கெடுவது ஜிப்பில்தான். ஃபோல்டரை ஜிப்பாக்கி அனுப்புகிறோம். வாங்கியவர் அதை இரட்டைக் கிளிக் செய்கிறார், உள்ளே பிபிடி தெரிகிறது, அதையும் இரட்டைக் கிளிக் செய்கிறார். பாடம் திறக்கிறது. திறப்பதுதான் ஏமாற்று. விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் ஒரு தற்காலிக இடத்தில் பிரித்து வைத்துக் காட்டுகிறது. வீடியோக்கள் ஜிப்புக்குள்ளேயே கிடக்கின்றன. பக்கத்து வீட்டைத் தேடிய பொத்தான் பொட்டலில் நிற்கிறது. வலது கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்த பிறகே திறக்க வேண்டும் என்பதை வாட்ஸ்அப் செய்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பிபிடியை மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இணைந்த கோப்புகள் கூடவே போகும் என்று எண்ணுவது வீண், ஒன்றும் போகாது. தனித்தனியாக அனுப்பினால், இரண்டாம் முறை இறக்கும் கோப்புக்குப் பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று ஒட்டிக்கொள்ளும். இணைப்பைப் பொறுத்தவரை அது வேறு ஆள். கோப்புப் பெயரில் ‘ஹேஷ்’ குறி இருந்தாலும் இணைப்பு குழம்பும், ஏனென்றால் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை ஆவணத்துக்குள் ஓர் இடத்தின் பெயராக அது எடுத்துக்கொள்கிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகளைச் சில பழைய ஜிப் மென்பொருள்கள் சிதைத்துவிடும். தமிழ்ப் பற்றைப் பாடத்துக்குள் காட்டிக்கொள்ளலாம்; கோப்புக்கு மட்டும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், குட்டிப் பெயராக வையுங்கள். சின்ன எழுத்து என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு பெயர்கள். சி டிரைவ் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது.

உள் இணைப்பு அறுவதில்லை என்றேன். பிறகு ஏன் சில சமயம் அதுவும் வேலை செய்வதில்லை? அங்கே கோளாறு முகவரியில் இருக்காது, தட்டுவதில் இருக்கும். பொத்தானுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படமோ எழுத்துப் பெட்டியோ படர்ந்திருக்கலாம். ஓரம் ஒளிபுகும் பிஎன்ஜி படங்கள் இதில் பேர் போனவை. ஆல்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் வரும் ‘செலக்‌ஷன் பேன்’ பட்டியலில் எது மேலே, எது கீழே என்று தெரிந்துவிடும், பொத்தானை மேலே இழுத்து விடுங்கள். இணைப்பை வடிவத்துக்குக் கொடுக்காமல் அதன் மேலுள்ள எழுத்துக்குக் கொடுத்திருந்தால், எழுத்தின் மேல் சரியாகத் தட்டினால்தான் போகும். ஸ்மார்ட் போர்டில் விரலால் தட்டும் சிறுவனுக்கு அது எட்டாத காரியம். மவுஸை மேலே கொண்டுபோனாலே தாவும்படி அமைத்த பொத்தான்களையும் தொடுதிரைக்கு வைக்காதீர்கள். தட்டியது பொத்தானுக்குப் பக்கத்தில் பட்டுவிட்டால் பவர்பாயிண்ட் தன் பழைய குணப்படி அடுத்த ஸ்லைடைக் காட்டும். தவறான விடை சொன்னவருக்கான ஸ்லைடு அடுத்து வந்து நின்றால் குழந்தை என்ன நினைக்கும்? டிரான்சிஷனில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ என்ற குறியை எடுத்துவிடலாம். இல்லையென்றால் ‘கியோஸ்க்’ முறையில் ஓடும்படி வைக்கலாம். அந்த முறையில் பொத்தானும் இணைப்பும் மட்டுமே வேலை செய்யும், வெற்றிடத்தில் தட்டினால் எதுவும் நகராது. ஆனால் 5 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது முதல் ஸ்லைடுக்குத் திரும்பிவிடும். நடுவில் நீண்ட விளக்கம் சொல்லும் ஆசிரியர் திரும்பிப் பார்த்தால் மெனு நிற்கும். அதைப் பேய் வேலை என்று நினைக்க வேண்டாம். திரும்பிப் போகும் பொத்தானுக்கு ‘பிரீவியஸ் ஸ்லைடு’ கொடுப்பதும் ஒரு பொதுவான தவறு. அது வரிசையில் முந்தையதையே காட்டும். வந்த வழியே திரும்ப ‘லாஸ்ட் ஸ்லைடு வியூட்’ என்பதுதான் சரி.

‘இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு இணைப்பு கொடுத்துவிட்டால் போகிறது’ என்பவர்கள் இருக்கிறார்கள். கனமான வாதம் இதுதான். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகும் க்யூஆர் குறிகளும் அதே வழியில்தான் இயங்குகின்றன. ஆனால் அந்தக் குறிகளுக்குப் பின்னால் ஓர் அரசமைப்பு இருந்து பராமரிக்கிறது. நாம் யூடியூபில் கண்ட யாரோ ஒருவரின் வீடியோவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. பக்கம் மட்டுமல்ல, தொழில்நுட்பமே போய்விடுவதும் உண்டு. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதும், அதை நம்பி உலகம் முழுக்க ஆசிரியர்கள் செய்திருந்த அசையும் பாடங்கள் ஊமையாகின. இணையம் கிடைக்கும் நேரத்தில் கூடுதலாகப் பார்க்க ஓர் இணைப்பு வைப்பதில் தவறில்லை. பாடத்தின் முதுகெலும்பை அதில் கட்டித் தொங்கவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எனக்குப் பிடித்த வழி, வெளி இணைப்பே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைப்பது. 2010 பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் வீடியோவைக் கோப்புக்குள்ளேயே பதித்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் வீடியோ எப்போதும் வெளியேதான் நின்றது. நம்மில் பலருக்கு இன்னும் அந்தப் பழைய பயமே போகவில்லை. மூன்று பிபிடிகளைச் சங்கிலியாகக் கட்டுவதைவிட, மூன்றையும் ஒன்றாக்கி உள் இணைப்பு கொடுத்தால் பாதிப் பிணி அங்கேயே தீரும். கோப்பு பெருக்கிறது என்பார்கள். ஃபைல், இன்ஃபோவில் உள்ள ‘கம்ப்ரஸ் மீடியா’வைத் தட்டினால் கணிசமாக இளைக்கும், வகுப்பறைத் திரைக்கு அந்தத் தரம் தாராளம். வாட்ஸ்அப்பும் 2022 முதல் 2 ஜிபி வரை கோப்பு அனுப்ப விடுகிறது. பிடிஎஃப் ஆக்கலாம் என்பவர்களுக்கு: அசைவும் வீடியோவும் போய்விடும். வீடியோவாக மாற்றலாம் என்பவர்களுக்கு: ‘மலிவு’ என்று தட்டிய மாணவிக்குத் தட்டுவதற்குப் பொத்தானே இருக்காது.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. பொத்தானின் இணைப்பு சரியாக இருந்து, அதன் மேல் எழுதியது பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘சூளை’ என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எதைத் தட்டுவது என்று தெரியாத பொத்தானும் அறுந்த பொத்தான்தான். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நிர்மலா யுஐ போன்ற விண்டோஸோடு வரும் எழுத்துருவில் அடித்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நேரம் இல்லை என்ற ஆட்சேபத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாதக் கணக்கும் பதிவேடும் உங்கள் மாலைகளைத் தின்பது தெரிந்ததே. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாடத்தைக் குழுவில் பகிரும்போது நேராகக் காட்சியாகத் திறக்கும் பிபிஎஸ்எக்ஸ் கோப்போடு நிறுத்தாமல், திருத்தக்கூடிய பிபிடிஎக்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் பதிப்பில் செய்தது, கடைசியாக எந்த மாதம் திருத்தியது என்று முதல் ஸ்லைடின் மூலையில் சின்னதாகக் குறித்துவிடுங்கள். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்திலோ திட்டக்குடிப் பக்கத்திலோ ஓர் ஆசிரியருக்கு அதில் ஒரு பொத்தான் ஓடாமல் போனால், உங்களைத் தேடி அலையாமல் அவரே திறந்து சரிசெய்துகொள்வார், சரிசெய்ததைக் குழுவுக்கே திருப்பியும் அனுப்புவார்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவன்